ஆறாவது பெயர்

மாடிப்படிச் சுவரில் எலக்ட்ரீசியன் போட்டுவிட்டுப் போன துளைக்குள் நீலக் கேபிளின் நுனியை நுழைத்துவிட்டு, ஜெயமேரி மேலேயிருந்து "வந்துச்சா?" என்று கத்தினாள். கீழே கூடத்தில் முக்காலிமேல் ஏறி நின்ற பெனிஷா, துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் காணோம் மதினி. இருட்டாத்தான் கெடக்கு."

"கண்ண எடு. கேபிள் குத்தப்போகுது."

"ரெண்டு கண்ணு இருக்கப்பவே ஒரு மாப்பிள்ளையும் வரல. ஒண்ணு போனா மட்டும் என்னாகப்போகுது?"

கேபிள் வந்தது. பெனிஷா அதைப் பிடித்து இழுத்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் புதிதாக மாட்டியிருந்த வெள்ளை வைஃபை பெட்டியின் முதுகில் செருகினாள். ஒரு பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. அந்தப் பெட்டியைக் கம்பெனி ஆள் காலையில்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆனால் அதன் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடி அறைக்குப் போகவில்லை. மாடி அறையில்தான் ஜெயமேரி மாலை ஆறரை மணிக்குமேல் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பாள். அதனால் பழைய கறுப்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி மாடியில் வைத்து, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். கடைக்காரரைக் கூப்பிடவில்லை. எதையும் தானே பிரித்துப் பார்த்து, ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு. கண்டுபிடித்ததைப் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்பது அதன் மறுபாதி. இப்போது பக்கத்தில் இருந்தது நாத்தனார் பெனிஷா.

"கம்பத்து ஜீப் ஸ்டாண்ட நெனச்சுக்கோ," என்றாள் படியிறங்கி வந்தபடியே. "காலையில ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பெல்லாம் வரிசையா நிக்கும்ல? ஒரு ஆளு டோக்கன் குடுப்பாரு. நீ பதினொண்ணு, நீ பன்னெண்டுன்னு. டோக்கன் வாங்கினாத்தான் ஆள ஏத்தலாம். அந்த ஆளுதான் இந்த வெள்ளப் பெட்டி. நம்ம லேப்டாப்பு, போனு, டிவி எல்லாம் ஜீப்பு. வந்த ஒடனே இவருகிட்ட ஒரு நம்பர் வாங்கிக்கணும்."

"அப்ப மாடியில இருக்க கறுப்பு?"

"அதுவும் ஒரு காலத்துல டோக்கன் குடுத்த ஆளுதான். இப்ப ரெண்டு பேருமே குடுத்தா ஒரே நம்பரு ரெண்டு ஜீப்புக்குப் போயிரும்."

"அடிதடிதான்."

"அதான், அவருகிட்ட இருந்து டோக்கன் கட்டைப் பிடுங்கிட்டேன். வர்றவகள உள்ள கூட்டிட்டு வந்து விடுற வேலை மட்டும்தான் இனிமே அவருக்கு."

கடைசியாக ஒரு வேலை இருந்தது: நெட்வொர்க்குக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வைப்பது. புதுப் பெயர் வைத்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் போய் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பழைய பிரிண்டரின் குட்டித் திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கடவுச்சொல்லை ஏற்றுவதற்குள் விரல் வலித்துவிடும். ஜெயமேரிக்கு ஒரு குறுக்குவழி தெரியும். ஒரு கருவி ஒருமுறை ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டால் அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளும். எங்கே போனாலும் அந்தப் பெயர் காதில் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விழுந்தால் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிடும். பெட்டி பழையதா புதியதா, நடுவில் எத்தனை வருடம் போனது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் நான்கு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்த பழைய பெயரையே வைத்தாள். 'ஆன்டோ வீடு.' கடவுச்சொல்லும் பழையதுதான், ஆண்டனி ராஜ் ஓட்டிய ஜீப்பின் எண்.

லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பெனிஷாவுக்குக் காட்டினாள். ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து உட்கார்ந்தன. லேப்டாப். ஜெயமேரியின் போன். பெனிஷாவின் போன். டிவி. சற்று யோசித்துவிட்டுப் பிரிண்டர்.

"அஞ்சு. சொன்னேன்ல? ஒண்ணையும் தொடல, எல்லாம் தானா வந்துருச்சு பாரு."

வெளியே கணவாய்க் காற்று திராட்சைப் பந்தல் கம்பிகளில் ஊதிக்கொண்டிருந்தது. ஆவணி பிறந்தும் இந்த வருடம் காற்று அடங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. பட்டியலில் ஆறாவதாக ஒரு வரி வந்தது.

ஆன்டோ போன்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரி அசையவில்லை, மறையவில்லை. பெனிஷா மெதுவாக, "மதினி, அண்ணே போனு," என்றாள். நான்கு நிமிடம் அது அங்கேயே இருந்தது. ஐந்து நாற்பத்து நான்குக்குப் பட்டியல் மறுபடியும் ஐந்தாயிற்று.

ஆன்டோ என்கிற ஆண்டனி ராஜ் ஜெயமேரியின் கணவன், பெனிஷாவின் அண்ணன். கம்பம் மெட்டு வழியாக மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மழையில், ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, மண்சரிவு ஜீப்போடு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று அந்தச் சரிவில் வேறு பலரும் போனார்கள். எட்டு நாள் தேடினார்கள். எட்டாம் நாள், அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரியின் பிணவறையில், மூக்கில் துணி கட்டிய ஒரு போலீஸ்காரர் போர்வையைக் கழுத்துவரை மட்டும் விலக்கி, "இது தன்னேயல்லே?" என்று, இவர்தானே என்று, மலையாளத்தில் கேட்டார். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கழுத்தில் பழுப்பு உத்தரியம், கயிற்றில் கோத்த மாதாவின் துணித்துண்டு, கிடந்தது. ஜெயமேரி அதைப் பார்த்தாள். "ஆமா, இவுகதான்," என்றாள்.

அந்த உத்தரியம் மாதா திருவிழாவில் கோயிலில் ஊர்ப் பங்குக்கே மொத்தமாக வாங்கி மந்திரித்துக் கொடுத்தது. ஊரில் பாதி ஆம்பளைகள் கழுத்தில் அதுதான் கிடக்கும். மலைக்கு வேலைக்குப் போன பக்கத்து ஊர்க்காரர்கள் கழுத்திலும் கிடக்கும். அது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். ஆனால் எட்டு நாள் தூங்காத மாமனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார், எல்லோரும் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். கல்லறையில் அவன் பெயர் வெட்டிய கல் நட்டாகிவிட்டது. பின்னாலேயே மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நன்றாகப் பார்க்காமல் சொன்னேன் என்பதை அவள் யாரிடமும், சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட, சொன்னதில்லை.

இப்போது அவளுக்கு மறுபடியும் கல்யாணம். மாப்பிள்ளை பெனடிக்ட், பெரியகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க், மனைவியை இழந்தவர். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இந்தப் பெண்ணும் இந்த ஆணும் திருமணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று, மூன்று ஞாயிறு, எல்லோர் முன்னாலும். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கடுத்த வியாழக்கிழமை கல்யாணம்.

*

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஜெயமேரி காரணம் தேடினாள். பெயரை நம்பக்கூடாது என்று தனக்கே பாடம் சொல்லிக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் தன் போனுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்து அனுப்புகிற பன்னிரண்டு எழுத்து எண் ஒன்று உண்டு, ஆளுக்குக் கைரேகை மாதிரி. முதல் முதலாக வீட்டுக்கு இணைப்பு வாங்கியபோது அவள் எல்லாக் கருவிகளின் எண்ணையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆண்டனி அதைப் பார்த்துச் சிரித்தான், "ஏ புள்ள, போனுக்கெல்லாம் ரேசன் கார்டு போடுறியா?" என்று. அன்றும் ஐந்து நாற்பதுக்கு அந்த வரி வந்தவுடன் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டாள். பன்னிரண்டும் ஒத்துப்போயிற்று.

அப்படியானால் போன் அதேதான். மண்ணிலிருந்து யாரோ எடுத்திருக்கலாம். எடுத்து விற்றிருக்கலாம். ஆனால் விற்கிற போனை யாரும் முதலில் அழித்துவிட்டுத்தான் விற்பார்கள், அழித்தால் இந்த வீட்டின் கடவுச்சொல்லும் சேர்ந்து போயிருக்கும். கடவுச்சொல் போகவில்லை. எனவே அதை வைத்திருப்பவர் அதிலிருந்து எதையும் அழிக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் யோசனை நின்றுவிட்டது. அவனுடைய பழைய எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் எடுத்து, "ரெண்டு வருசமா இது என் நம்பர்ம்மா," என்றார்.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. கருவியின் சிக்னல் பெட்டிக்கு எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்று சொல்லும் எண். அது பூஜ்யத்துக்குக் கீழேதான் வரும். தொண்ணூறு என்றால் விளிம்பில், கேட்டும் கேட்காமலும் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது என்றால் பெட்டியை ஒட்டி இருக்கிறது. ஆன்டோ போனின் எண் எண்பத்தாறு. தன் போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் தன் எண் எண்பத்தாறு ஆகிறது என்று பெனிஷாவை லேப்டாப்பில் பார்த்துச் சொல்லச் சொன்னாள். கிழக்கே சுவர் மறைத்தது. மேற்கே, திராட்சைப் பந்தலைத் தாண்டி வாய்க்கால் திருப்பத்துக்குப் போனபோது பெனிஷா வாசலிலிருந்து கையைக் காட்டினாள். அங்கே ஒரு மைல்கல்லும் எருக்கஞ்செடியும் தவிர ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வரும் ஜீப் ஊருக்குள் திரும்புகிற இடம் அது.

*

புதன்கிழமை, வேலைக்குப் போய்வந்த கையோடு பெனிஷா வாய்க்கால் திருப்பத்துக்குப் போய் நின்றுகொண்டாள். ஜெயமேரி கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். வெயில் இன்னும் சாயவில்லை.

"யாரும் இருக்காகளா?"

"ஒரு ஈ காக்கா இல்ல மதினி. காத்து ஆளத் தூக்குது. சுடிதாரோட பறந்து போயி கூடலூர்ல எறங்கப்போறேன்."

"நாப்பது ஆச்சு. நல்லாப் பாரு."

ஆறாவது வரி வந்தது. எண்பத்தாறு.

"வந்துருச்சு. அங்கனதான் இருக்கு. சுத்திப் பாரு, பைக்கு, ஆளு, ஏதாவது."

சற்று நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. "நான் மட்டுந்தான் நிக்கிறேன் மதினி." குரலிலிருந்த கேலி போய்விட்டது. "செடிக்குப் பின்னாடியும் பாத்துட்டேன். வாய்க்காலுக்குள்ளயும் பாத்துட்டேன். தண்ணிகூட இல்ல. நான் வீட்டுக்கு வந்துரவா?"

"வா."

ஜெயமேரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு எண்பத்திரண்டானது. பெனிஷா நடக்கும் சத்தம், சரளையில் செருப்பு உரசும் சத்தம், ஸ்பீக்கரில் கேட்டது. எழுபத்தெட்டு. அது பெனிஷாவின் போனின் எண்ணாக இருக்கும், வரி மாறிப் பார்க்கிறோம் என்று நினைத்து இன்னும் குனிந்தாள். பெனிஷாவின் போன் மூன்றாவது வரி. அதிலும் எழுபத்தெட்டு. இரண்டும் சேர்ந்தே குறைந்துகொண்டிருந்தன. எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று. அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு.

"எங்க வர்ற?"

"பந்தல்கிட்ட. ஏன் மதினி?"

"ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டே வா."

"என்னத்தப் பேச? நேத்து லேப்ல ஒரு அம்மா ரத்தம் எடுக்க வந்தாக. ஊசியக் கண்டதும் கண்ண மூடிக்கிட்டு ஜெபம் சொல்ல ஆரம்பிச்சுட்டாக. நான் எடுத்து முடிச்சு, பஞ்சு வச்சு, எந்திரிங்கன்னு சொன்ன பெறகும் சொல்லிக்கிட்டே இருக்காக…"

அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. பெனிஷா பின்னால் திரும்பிப் பார்த்தால் நடை நிற்கும், சத்தத்தில் தெரியும். நிற்கவில்லை. திரும்பிப் பார் என்று சொல்வதற்கு ஜெயமேரிக்கு வாய் வரவில்லை, பார்க்காதே என்று சொல்லவும் வரவில்லை. கேட் கொக்கி கிறீச்சிட்டது. ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு. பெனிஷா வாசலில் வந்து நின்றாள், முடியெல்லாம் முகத்தில் கலைந்து, தனியாக.

ஐந்து நாற்பத்து நான்கு. ஆறாவது வரி போய்விட்டது.

"என்ன மதினி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? கேட்டச் சாத்திட்டு வரவா?"

"சாத்து," என்றாள் ஜெயமேரி.

*

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடியுமுன்பே கிளம்பி பெனடிக்ட் வந்தார். அவரை வரச்சொன்னது பெனிஷா. எல்லாவற்றையும் கேட்டார். ஆபீஸில் மனு வாங்கிப் படிக்கிறவரைப்போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

"எவனோ பக்கத்துல கெடக்குறவன் வெளையாடுறான், மேரி. கல்யாணப் பொண்ணுன்னா ஊர்ல நாலு பயலுக்கு வயிறு எரியும். என்னையப் பாத்து எரியாது, ஒன்னையப் பாத்து எரியும்."

"அந்த நம்பரப் போலியாவும் போடலாம்தான். ஆனா அது என்னன்னு தெரியணும்ல? என் நோட்டுல மட்டும்தான் இருக்கு."

ஐந்து நாற்பதுக்கு வரி வந்தது. ஐம்பத்திரண்டு. வியாழன் அன்று ஐம்பத்தைந்தாக இருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றாள். விளக்கும்போது மட்டும் அவள் குரல் திடமாகிவிடும். "ஒரு மிஷின் இன்னொரு மிஷின்கிட்ட 'இருக்கியா'ன்னு கேக்கலாம். இருந்தா 'இருக்கேன்'ங்கும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க முடியாது, அதுக்கும் வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது."

லேப்டாப்பில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கருவியின் டோக்கன் எண்ணை அடித்தாள். ஒரு நொடிக்கு ஒரு வரியாக நான்கு பதில் வந்தது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன். இருக்கேன். நான்கு கேள்விக்கு நான்கு பதில், ஒன்றும் தவறவில்லை என்று கீழே கணக்குக் காட்டியது.

பெனடிக்ட் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பாஸ்வேர்ட மாத்திரு," என்றார்.

"மாத்தினா அது எதுவா இருந்தாலும் திரும்ப உள்ள வரமுடியாது."

"அதுக்குத்தான மாத்தச் சொல்றேன்."

அப்போதுதான் அவள் சொன்னாள். பிணவறையில் முகம் தெரியாததை, உத்தரியத்தை மட்டும் பார்த்ததை, தெரிந்தே ஆமா சொன்னதை. பெனிஷா அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்றுவிட்டாள். "அந்தக் குழிக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள் ஜெயமேரி. "வேற எவ புருசனோ. அவ அங்கன எங்கயோ இன்னும் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா. இவுகளுக்கு என்னாச்சுன்னும் தெரியாது."

"உசுரோட இருந்தா நாலு வருசமா வராம இருப்பாரா?"

"தெரியல."

"வந்தா வேணுமா ஒனக்கு? அத மட்டும் சொல்லு. நான் வருத்தப்பட மாட்டேன்."

பெனடிக்ட் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், நன்றாக இருந்த கண்ணாடியை. "நாளான்னைக்கு மூணாம் ஓலை," என்றார். "தடை தெரிஞ்சவுக சொல்லணும். இந்தத் தடை நம்ம மூணு பேரத் தவிர வேற யாருக்கும் தெரியாது. நான் போயி சாமியார்ட்ட சொல்லமாட்டேன், இவளும் சொல்லமாட்டா. நீ சொன்னாத்தான். நீ சொல்லலைன்னா வியாழக்கிழம நான் வேட்டி கட்டிட்டு வந்து நிப்பேன்."

"அண்ணே, இந்தாங்க டீ," என்றாள் பெனிஷா. டம்ளரைப் பாதியிலேயே அவர் எழுந்து வாங்கிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெயமேரி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் சாமியார் தாளை எடுத்தார். இந்தப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆண்டனி ராஜின் மனைவி ஜெயமேரி என்று வாசித்தார். மூன்றாம் முறை என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்றார். இரண்டு ஞாயிறும் அந்த இடத்தில் அவர் நிறுத்தியதாக அவளுக்கு நினைவில்லை, இன்றைக்கு நிறுத்தினார். மின்விசிறிகள் சுற்றின. யாரோ ஒரு குழந்தை செருப்பைத் தரையில் தேய்த்தது. எழுந்து நின்றால் போதும், ஒன்றும் பேசக்கூட வேண்டாம், பூசை முடிந்ததும் சாமியாரே கூப்பிட்டுக் கேட்பார். அவள் எழுந்திருக்கவில்லை. பிணவறையில் சொன்ன அதே 'ஆமா'வை வாய் திறக்காமலே இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. சாமியார் தாளை மடித்து அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். அன்பியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு.

பிற்பகல் நான்கு மணிக்கு அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். கீழே வெள்ளைப் பெட்டியில் ஒருமுறை, மேலே கறுப்புப் பெட்டியில் ஒருமுறை. ஒன்றில் மாற்றி ஒன்றை விட்டுவிட்டால் ஒரு கதவைப் பூட்டி மறுகதவைத் திறந்து வைத்த மாதிரி. யாருக்கும் பொருள் இல்லாத பதினாறு எழுத்து. பிறகு ஐந்து கருவிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பிரிண்டர் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது. பெனடிக்ட் பூசை முடிந்து நேராக இங்கேயே வந்து சாப்பிட்டிருந்தார். படிக்கட்டின் அடியில் காற்று வருகிறது என்று அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார். பெனிஷா தரையில் உட்கார்ந்து அவரை ஒரு தீப்பெட்டி வைத்து ஏதோ விளையாட்டில் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாற்பது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். ஐந்து பெயர். நாற்பத்தொன்று. ஐந்து பெயர்.

"முடிஞ்சுச்சு," என்றார் பெனடிக்ட். "நாலு வருசத்து ஆவிய ஒரு நிமிசத்துல பூட்டிப்புட்டா கணக்கு டீச்சர். எங்க ஆபீஸ்ல ஒரு பீரோ இருக்கு, அதுக்கும் வந்து பூட்டுப் போட்டுக் குடுத்தா கலெக்டர் ஒனக்குச் சால்வ போத்துவாரு." பெனிஷா வாரக்கணக்கில் சிரிக்காதவளைப்போலச் சத்தமாகச் சிரித்தாள்.

ஜெயமேரி இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டியல் உள்ளே வந்தவர்களை மட்டும் காட்டும். வாசலில் நின்று திரும்பியவர்கள் வேறு பக்கத்தில் இருப்பார்கள், பெட்டியின் குறிப்பேட்டில். இரண்டு பெட்டிகளின் குறிப்பேடுகளையும் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்தாள்.

கீழ்ப் பெட்டி: ஆன்டோ போன், கடவுச்சொல் பொருந்தவில்லை. மூன்று நொடி கழித்துக் கீழ்ப் பெட்டி, பொருந்தவில்லை. மறுபடி கீழ்ப் பெட்டி. பிறகு மேல் பெட்டி.

"என்னது அது?" என்றார் பெனடிக்ட், சிரிப்பு முகத்திலேயே இருக்க.

"ரெண்டு பெட்டிக்கும் ஒரே பேருல்ல," என்றாள். பழக்கத்தில் வார்த்தை தானாக வந்தது. "ஒண்ணு விடலைன்னா இன்னொண்ணுகிட்டப் போகும். அது விடலைன்னா திரும்ப மொதல்ல கேட்டதுகிட்ட வரும். போனோட சுபாவம் அது."

கீழே. மேலே. கீழே. மேலே. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிக்னல் எண் இருந்தது. கீழ்ப் பெட்டியில் நாற்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்பது என்று விலகிக்கொண்டே போனது. மேல் பெட்டியில் ஐம்பது, நாற்பத்து நான்கு, முப்பத்தெட்டு. அப்புறம் கீழ்ப் பெட்டியில் வருவது நின்றுவிட்டது. மேல் பெட்டியில் மட்டும், மூன்று நொடிக்கு ஒன்றாக, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று. கறுப்புப் பெட்டி மாடி அறையில் மேஜைமேல் இருந்தது. மாடி அறைக்கு இந்தப் படி தவிர வேறு வழி கிடையாது.

பெனிஷா தீப்பெட்டியைக் கையில் வைத்தபடியே தலைக்குமேல் மச்சைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்து நான்கு ஆனது, தாண்டியது. வரிகள் நிற்கவில்லை. காற்று மட்டும் சட்டென்று விழுந்து, பந்தல் கம்பிகள் ஊதுவது நின்று, வீடு முழுவதும் கடிகாரச் சத்தம் கேட்டது. ஜெயமேரி திரையில் கடவுச்சொல் மாற்றும் கட்டத்தைத் திறந்து வைத்திருந்தாள், எதையும் அடிக்கவில்லை.

அப்புறம் மேல் பெட்டியின் எண் முப்பத்து மூன்றானது. முப்பத்தாறு. கீழ்ப் பெட்டியில் மறுபடி ஒரு வரி வந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்று.

பெனடிக்ட் எழுந்தார். யாரையும் பார்க்காமல், படிக்கு நேராக இருந்த தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, சத்தம் வராமல், சுவரோரமாக நகர்த்திப் போட்டுவிட்டு, இறங்கி வருகிறவருக்கு வழிவிடுவதுபோல முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.